கடிகாரம் தெரியும் நாற்காலி

வாயில் ரகசியம் எதுவும் தங்காத சின்னவள் மருத்துவ உளவியல் படித்துவிட்டு நேர்காணலுக்குப் போனாள். பேர்தான் பெரிய ஆஸ்பத்திரி, நேர்காணலுக்கென்று ஓர் அறை கிடையாது. ஆலோசனை அறையிலேயே வைத்தார்கள். அங்கே சுவர்க் கடிகாரம் தெரிகிற நாற்காலி ஆலோசகருக்கு, எதிர் நாற்காலி நோயாளிக்கு. பயிற்சிக்காலப் பழக்கதோஷம், அவள் நேரே போய் ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த துறைத்தலைவருக்கு நோயாளி நாற்காலிதான் மிச்சம்.

“உங்களப் பத்திச் சொல்லுங்க,” என்றார்.

பயத்தில் அவளுக்குத் தயாரித்து வந்த பதிலெல்லாம் மறந்துபோயிற்று. ஆனால் பயிற்சி மறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, மெல்லத் தலையசைத்துக் காத்திருந்தாள்.

அவரும் பொறுத்துப் பார்த்தார். பிறகு, “இங்க என் பேச்ச யாரும்மா கேக்குறாங்க,” என்று ஆரம்பித்து, மேலதிகாரி, மாமியார், முழங்கால் வலி என்று கொட்டித் தீர்த்தார். அவள் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கடைசியில் கடிகாரத்தைப் பார்த்து, “நேரமாயிடுச்சு சார்,” என்றாள்.

“திங்கக்கெழமையே வேலைல சேந்துருங்க,” என்றார், கண்ணைத் துடைத்தபடி.

வீட்டு வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள். “வேல கெடச்சுதாடி? உள்ள என்ன பேசினீங்க?”

“கெடச்சிருச்சும்மா. உள்ள பேசினத வெளிய சொல்லக்கூடாது.”