கைநாட்டுக்காரன் இல்லை நான்

பள்ளிக்கூடம் எனக்கு இரண்டாவதோடு சரி. லேத் பட்டறையில் கூட்டிப்பெருக்கச் சேர்ந்தவன், சிங்கப்பூர் போய்ப் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்தேன். அந்த ஊர் பாஸ்போர்ட்டும் வாங்கினேன். இப்போது பத்து வருடமாகப் பீளமேட்டில், நானே கட்டிய வீட்டில் இருக்கிறேன். இருந்தும் கோயமுத்தூர் விமான நிலையத்தில் வந்து இறங்கினால் எனக்கு வெளிநாட்டுக்காரர் வரிசைதான்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கச் சிங்கப்பூர் போனவன், கடைசித் தங்கச்சி மகளின் கல்யாணத்தன்று காலையில்தான் திரும்ப முடிந்தது. பத்தரைக்கு முகூர்த்தம், பெருந்துறையில். எங்கள் பக்கம் தாய்மாமன் வந்து மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டாமல் தாலி ஏறாது. அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் நான் ஒருத்தன்தான்.

ஏழு மணிக்கு இறங்கி, ஒன்றேகால் மணி நேரம் நின்று, கவுண்டருக்கு வந்தேன். ஒவ்வொரு விரலாக மெஷினில் வைத்தேன். ஒன்றும் பதியவில்லை. பட்டறையில் தேய்ந்த விரல்கள்.

"ரேகை விழலைங்கய்யா. கொஞ்சம் ஓரமா நில்லுங்க, கூட்டம் போகட்டும்" என்றார் அதிகாரி.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா, "ஏனுங்க, வெரலைச் சிங்கப்பூர்லயே வெச்சுப்போட்டு வந்துட்டீங்களா?" என்றார்.

"வெரல் இருக்குதுங்க அம்மணி. ரேகையத்தான் லேத்துக்குக் குடுத்துப்போட்டேன்."

பட்டறையில் முதல் சம்பளத்தன்று மேஸ்திரி மைப்பெட்டியை நீட்டி, "வாடா கைநாட்டு" என்று சிரித்தார். ஒரு வாரம் பட்டறைச் சுவரில் கரித்துண்டால் என் பெயரை எழுதிப் பழகினேன். அதன்பிறகு ஒரு காகிதத்திலும் கட்டைவிரல் வைத்தவனில்லை. இந்த மெஷினுக்குத்தான் வேறு வழியில்லாமல் நீட்டுவது. அந்த மெஷினே என் விரல் வேண்டாம் என்றால்?

"ஓரமா நிக்க மாட்டனுங்க. பத்து வெரலையும் பாத்துட்டீங்க. பேனாவக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

"கையெழுத்து இதுக்குச் செல்லாதுங்கய்யா."

"அப்படின்னா உங்க பெரியவரக் கூப்பிடுங்க. அவரு வார வரைக்கும் இங்கியேதான் நிப்பேன்."

"பெருசு நகராதாட்ட இருக்குது" என்று யாரோ முனகினார்கள். முனகட்டும். இவர்களுக்கா கல்யாணம் காத்திருக்கிறது?

பெரிய அதிகாரி வந்தார். பாஸ்போர்ட்டில் இருந்த முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். ரேகை பதியவில்லை என்று ஒரு படிவத்தில் எழுதி என் பக்கம் தள்ளினார். "இங்க கையெழுத்துப் போடுங்க."

தமிழில் போட்டேன். அவசரமாக இருந்தாலும் ஓர் எழுத்தையும் விழுங்கவில்லை.

மண்டபத்துக்குள் நுழையும்போது மணி பத்தேகால். தங்கச்சி வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள். மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர், "சிங்கப்பூர்க்காரருக்கு இப்பத்தான் விடிஞ்சுதுங்களா?" என்றார்.

"சிங்கப்பூர்க்காரன் ஆருன்னு பந்தியில பேசிக்கலாமுங்க" என்று மணமேடை ஏறிப் பட்டத்தைக் கையில் வாங்கினேன். "கண்ணு, கொஞ்சம் நிமுந்து பாரு."