புகார் அக்காவின் நாற்காலி வட்டம்

அந்தக் குடியிருப்பில் டைம்டேபிள் என்றால் தெரியாதவர் கிடையாது. முப்பத்தொரு வருடம் பஸ்களுக்கு நேர அட்டவணை போட்டு ஓய்வு பெற்ற மனிதர். குளிக்கப் போனால்கூட எத்தனை நிமிடத்தில் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். குடிவந்த எட்டாம் மாதமே சங்கத்துக்குச் செயலாளராக நின்று ஜெயித்துவிட்டார். ஆளுக்குப் பதவி ஆசை என்று பலரும் சிரித்தார்கள். ஆசைதான், ஆனால் அது பதவி மேல் இல்லை.

பழைய ஊரை விட்டு வந்த நாளிலிருந்து அவர் மனைவி வாசல் தாண்டவில்லை. அங்கே காய் வாங்கப் போனால் பத்துப் பேரை நிறுத்திவைத்துப் பேசியவள், இங்கே ஆறாவது மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து மரங்கள் இலை உதிர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால், "எனக்கு இங்க யாரைத் தெரியும்?" என்பாள். செயலாளர் ஆகிவிட்டால் கூட்டம் கூட்டலாம், அந்தச் சாக்கில் அவளை எப்படியாவது கீழே இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

அதற்குத் தோதாக ஒரு வழக்கமும் அங்கே இருந்தது. குளிர் வந்து எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் முன், இலையுதிர்காலத்தின் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் குடியிருப்பே கீழ்க்கூடத்தில் கூடும். ஏற்பாடு செய்வது பராமரிப்பு அலுவலகத்தில் புகார் எழுதிக்கொள்ளும் பெண்மணி. பதினெட்டு வருடமாக அதே மேஜை, அதே தடித்த நோட்டு. ஒழுகும் குழாய், நிற்கும் லிஃப்ட், அடுத்த வீட்டு நாய், எல்லாம் அவரிடம்தான் வரும். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் புகார் அக்கா. வீடு தொலைவில்; இரண்டு பஸ் மாறி வருவார்.

டைம்டேபிள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"வழக்கம்போலதான் சார். டீ, பிஸ்கட், கொஞ்சம் பாட்டு. நாற்காலி வீட்டுலேருந்து கொண்டு வந்துடுவாங்க."

"தொண்ணூத்தாறு வீட்டுக்காரங்களும் அவங்கவங்க நாற்காலிய தூக்கிட்டு வரணுமா? நல்லா இருக்கே!"

"அவங்கவங்க நாற்காலி இல்ல சார்..."

"விடுங்க, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். நூறு நாற்காலி வாடகைக்கு வந்தது; நூல் பிடித்த மாதிரி வரிசை. முதல் ஞாயிறு வந்தது இருபத்துமூன்று பேர். பின்வரிசையாகப் பார்த்து உட்கார்ந்து, டீயைக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் ஒவ்வொருவராக நழுவினார்கள். மனைவியைக் கூப்பிடப் போனபோது அவள், "அதான் அத்தனை நாற்காலி போட்டிருக்கீங்களே, நான் ஒருத்தி வந்து என்ன ஆகப்போகுது?" என்றாள். காலி வரிசைகளைப் பார்த்துவிட்டு உபதலைவர், "அடுத்ததும் இப்படியே போனா இதோட நிறுத்திடலாம்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை டைம்டேபிள் கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டு அக்காவின் மேஜை முன் போய் நின்றார்.

"அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தீங்களே?"

அக்கா குத்திக்காட்டவில்லை. இழுப்பறையிலிருந்து நாலாக மடித்த பெரிய தாள் ஒன்றை எடுத்து விரித்தார். தொண்ணூற்றாறு கட்டங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் இன்னொன்றுக்கு ஓர் அம்புக்குறி.

"இன்ன வீட்டுக்காரர் உக்கார நீங்க ஒரு நாற்காலி கொண்டு வாங்கன்னு வீட்டுக்கு ஒரு சீட்டு அனுப்புவேன் சார். தனக்குன்னா வராம இருந்துடுவாங்க. அடுத்தவங்களுக்குன்னா முடியாது. வரலேன்னா அங்க ஒருத்தர் நிக்கணுமே."

டைம்டேபிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மூன்றாம் மாடி நடன ஆசிரியையின் அம்பு, தலைக்கு மேல் தொம் தொம்மென்று சத்தம் என்று பதினோரு முறை புகார் எழுதிய இரண்டாம் மாடிக்காரரிடம் போனது. முழங்கால் தேய்ந்த நர்ஸம்மாவுக்குக் கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி, அது இருக்கும் வீட்டிலிருந்தே.

"இதெல்லாம் எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"புகார் சொல்ல வர்றவங்க எல்லாருமா கோவத்துல வர்றாங்க? பாதிப் பேர் பேச ஆள் இல்லாம வர்றாங்க சார். முட்டி வலி, தூக்கம் வராதது எல்லாத்தையும் சொல்லிட்டு, கடைசியிலதான் குழாய் ஒழுகறதைச் சொல்வாங்க."

அவர் பென்சிலால் தன் வீட்டுக் கட்டத்திலிருந்து அம்பு அம்பாகத் தொடர்ந்து போனார். எங்காவது இரண்டு வீடுகள் தமக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும், அங்கே பிசகைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தார். பிடிபடவில்லை. தொண்ணூற்றாறாவது அம்பு அவர் வீட்டிலேயே வந்து நின்றது. மொத்தமும் ஒரே வட்டம். அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஓர் அட்டவணையை அவர் போட்டதில்லை.

"ரெண்டு பேரே மாத்தி மாத்திக் கொண்டு வந்தா கொடுத்து வாங்கினதா ஆயிடும் சார். சுத்தி வந்தா யார் யாருக்குச் செஞ்சாங்கன்னே இருக்காது."

"எத்தனை நாள் ஆச்சு இதுக்கு?"

"வெயில் காலம் பூரா. பஸ்ல உக்காந்து யோசிப்பேன்."

சீட்டுகள் போயின. ஆறாவது மாடிக்கு வந்த சீட்டு செயலாளர் பெயருக்கு இல்லை, அவர் மனைவிக்கு.

"ஏங்க, யாருங்க இந்த நாலாம் மாடி தையல்காரம்மா? இடுப்பு வலியாம், நல்லா சாஞ்சு உக்கார்ற மாதிரி வேணுமாம். நீங்களே கொண்டு போயிடுங்க."

"சீட்டு உனக்கில்ல வந்திருக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் பிரம்பு நாற்காலியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "நான் போகலேன்னா பாவம் அந்தம்மா நிக்கணும். நல்லா மாட்டி விட்டாங்க" என்று முணுமுணுப்பு வேறு. அவர் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

லிஃப்ட் வாசலில் ஒரே நாற்காலிக் கூட்டம். மர நாற்காலி, மடக்கு நாற்காலி, உருட்டிக்கொண்டு வந்த ஆபீஸ் நாற்காலி. கூடத்தில் நடன ஆசிரியை ஒரு நாற்காலியைப் போட்டு, "உக்காருங்க சார்" என்றாள்.

"மேல குதிக்கறது நீதானாம்மா?"

"நானேதான் சார்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவளையே திட்ட அவருக்கு வாய் வரவில்லை, சிரித்துவிட்டார். நடுவில் கிளம்பவும் யாராலும் முடியவில்லை, அவரவர் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். நிறுத்திவிடலாம் என்ற உபதலைவரின் நாற்காலியில் ஒரு பெரியவர் அசந்து தூங்கியே போனார். உபதலைவர் கடைசிவரை இருந்து மூன்று டீ குடித்தார். டைம்டேபிளின் மனைவி தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அவர் தூர நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டுச் சீட்டு இதைச் செய்யுமா?

சற்று நேரத்தில் அவள் எழுந்து அவரிடம் வந்தாள்.

"தூணோரமா நோட்டோட நிக்கறாங்களே, அது யாருங்க?"

"அவங்கதான் புகார் அக்கா. இதெல்லாம் அவங்க ஏற்பாடுதான்."

"அவங்களுக்கு யாரு நாற்காலி கொண்டு வரணும்?"

வட்டத்தில் ஒரு பிசகு இல்லை என்று அம்பு அம்பாகப் பார்த்தவர் டைம்டேபிள்தான். வட்டத்தைப் போட்டவருக்கு அதில் கட்டமே இல்லை.

"அவங்க இங்க குடியிருக்கறவங்க இல்லம்மா."

"அதனால? அவங்களுக்குக் கால் வலிக்காதா?"

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. எட்டு மாதம் வாசல் தாண்டாதவள், யார் சீட்டும் இல்லாமல், தானாகவே லிஃப்டில் ஏறினாள். சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வந்து, தூணருகே போட்டாள்.

"உக்காருங்க."

"இருக்கட்டும்மா. நின்னு நின்னு பழகிடுச்சு."

"ஆறு மாடி இறக்கிக் கொண்டு வந்திருக்கேன். உக்காருங்கன்னா!"

புகார் அக்கா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவர் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துத்தான் முதுகைச் சாய்த்தார்.