எழுபத்தொரு நகல்கள்

கணினி அறையில் பதினாறு நாற்காலிகள் இருந்தும் அவர் நின்றுகொண்டேதான் தட்டச்சு செய்கிறார். கால்களைச் சற்று அகட்டி, இடது தோளை அலமாரியில் சாய்த்து, கட்டடம் எந்த நிமிடமும் பிரேக் போடும் என்பதுபோல. முப்பத்தொரு வருடம் பேருந்து நடத்துநர். ஓய்வுபெற்ற கையோடு பல்கலைக்கழகத்தில் முதுகலை வரலாறு சேர்ந்தார். பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றி ஆராயும் பிரிவு. எங்கள் வகுப்புக்கு அவர் 'கண்டக்டர் அண்ணே'. அவரைவிடப் பதினைந்து வயது இளையவரான பேராசிரியை 'சார்' என்பார்; இவர் 'மேடம்' என்பார். புதிதாக வருபவர்கள் யார் யாருக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்று கொஞ்சம் குழம்புவார்கள்.

கணினி நிரலை ஓடவிட்டதும் அவருடைய வலது கை தலைக்கு மேலே போகும். அங்கே இல்லாத மணிக்கயிற்றை இரண்டு முறை இழுப்பார். "ஒண்ணு இழுத்தா நில்லு, ரெண்டு இழுத்தா கிளம்பு. மெஷினுக்கும் சொல்லிட்டுத்தானே கிளம்பணும்?"

பக்கத்து இருக்கை மாணவி விடமாட்டாள். "அண்ணே, பின்னாடி இன்னும் ரெண்டு பேர் ஏறணும்."

"உள்ள போம்மா, உள்ள போ. நடுவுல எவ்ளோ இடம் கெடக்கு" என்பார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருடைய ஆய்வுக்குப் பொருள் போக்குவரத்து அலுவலகத்துக்குப் பயணிகள் எழுதிய புகார்க் கடிதங்கள். நாலாயிரத்து இருநூறு. விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் தானே ஸ்கேன் செய்தார். "இதுல பாதி என்னத் திட்டினதுதான்" என்பார். கேட்டதற்குப் பதில் சொல்லாத நடத்துநரைப் பற்றி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். தேதியைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு எனக்குப் பல்லு வலிம்மா" என்றார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்ப்பது அந்தத் தொழிலின் பழக்கம். இங்கேயும் அப்படித்தான். நிரல் வேண்டாமென்று தள்ளிவிட்டவற்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவர் பார்ப்பார். போன திங்கட்கிழமை அங்கே எழுபத்தொரு கடிதங்கள் கிடந்தன. ஒரே பக்கம் தவறுதலாக இரண்டு முறை ஸ்கேன் ஆகியிருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொல்லியிருந்தார். நிரல் சொன்னதைச் செய்திருந்தது. ஆனால் இவை நகல்கள் அல்ல. ஒரே பெண், ஆறு வருடம், மாதம் தவறாமல், தேதியை மட்டும் மாற்றி எழுதியவை. எழுபத்திரண்டில் முதலாவதை மட்டும் நிரல் வைத்துக்கொண்டிருந்தது. மருத்துவமனை வாசலில் பேருந்து நிற்க வேண்டும். என் கணவரால் பாலத்து நிறுத்தம்வரை நடக்க முடியாது.

"எந்த ரூட்டுண்ணே?" என்றாள் மாணவி.

"என் ரூட்டுதாம்மா." ரப்பர் உறையைக் கழற்றினார். "அந்தம்மா கை காட்டும். டிரைவர் பாவம், வேகத்தக் கொறப்பாரு. அங்க ஸ்டாப்பு இல்லியே. நான் ரெண்டு இழுத்து ஓட்டச் சொல்லிருவேன்."

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். பேராசிரியை நிதானமாகத்தான் சொன்னார். "அடிக்குறிப்புல ஒரு வரி போதும் சார். உள்ள சேர்த்தா எண்ணிக்கை மாறும், அட்டவணை அத்தனையும் திரும்பப் போடணும். தேதி தாண்டினா ஒரு வருஷம் போச்சு."

"எழுபத்திரண்டு தடவ உக்காந்து எழுதிருக்காங்க மேடம்."

"விஷயம் ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணுதான். நாங்க நிறுத்தியிருந்தா ஒண்ணோட முடிஞ்சிருக்கும்."

"ஒரு வருஷம், சார்" என்று மட்டும் நினைவுபடுத்தினார் பேராசிரியை. "போகட்டும் மேடம்" என்றார் இவர்.

வெள்ளிக்கிழமை காலை மற்றவர்கள் பைண்டிங் செய்த ஆய்வேடுகளோடு மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் மொத்தமாகத் திரும்பிவிடும். அவருக்கு அது தெரியும். ஒவ்வொரு கடிதமாகத் திறந்து, தேதியை வாய்க்குள் படித்து, உள்ளே கொண்டுவந்து வைத்தார். மாணவி இரண்டு முறை எட்டிப் பார்த்தாள், கேலி செய்யவில்லை.

எழுபத்தொன்றாவதும் உள்ளே வந்ததும் அவருடைய வலது கை தலைக்கு மேலே போயிற்று. ஒரே ஒரு முறை இழுத்தார்.