கழுவாத சட்டை

ஸைனம்பு எங்கள் பின்னல் பயிற்சி நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தது 2008 ஜூன் 2, திங்கட்கிழமை. பலாபத்வலவிலிருந்து ஏழேகால் பஸ்ஸில் வருவார். நிலையத்தின் எழுதுவினைஞனான எனக்கு, வரவுப் பதிவேட்டில் பத்து வருடம் அவர் பெயருக்கு ஒரு நாளும் 'வரவில்லை' என்ற சிவப்புக் கோடு போட நேர்ந்ததில்லை.

உதவியாளர் என்பது பெயருக்குத்தான். கற்பித்ததெல்லாம் அவரே. குழந்தைச் சட்டையில் நிறம் மாறும் இடத்தில் பழைய நூலையும் புதிய நூலையும் முடிச்சுப் போட விடமாட்டார். "புள்ளட முதுகுல உறுத்தும்" என்பார். இரண்டு நுனிகளையும் ஒரு விரல் நீளம் விட்டுப் பின்னி, பின்பக்கத்தில் அந்தந்த நிறக் கண்ணிகளுக்குள் ஊசியால் ஓட்டிவிடுவார். மிச்சத்தை உடனே வெட்டமாட்டார். முதல் கழுவலில் கம்பளி அடங்கி, நுனி கழராமல் பிடித்துக்கொண்ட பிறகே வெட்டுவார்.

2018இல் நிரந்தர ஆசிரியை பதவி வந்தது. அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அதற்குப் பிறகு விண்ணப்பிக்க வயது இடம் கொடாது. விண்ணப்பிப்பவர்கள் தாங்களே பின்னிய குழந்தைச் சட்டையொன்றைத் தேர்வுக்குக் கொண்டுவர வேண்டும்; அந்த விதிகளை எழுதியவன் நான். உடுத்திக் கழுவிய சட்டையை யாரும் புதிதென்று கொண்டுவந்துவிடக் கூடாதென, 'புதிய' என்பதோடு 'கழுவாத' என்றும் சேர்த்தேன். யாரும் கேட்காமல் சேர்த்த சொல் அது.

மார்ச் 14 நேர்முகத் தேர்வு. ஸைனம்பு மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சட்டை வைத்தார். தேர்வு நடத்த வந்த அம்மையார் அதைப் புரட்டினார். பின்பக்கம் பன்னிரண்டு நுனிகள் தொங்கின.

"என்னங்க இது, சட்டைக்குத் தாடி வளர்ந்திருக்கு?"

"மொதல்ல குளிக்கட்டும் மிஸ், பொறகு சவரம் பண்ணலாம். கழுவாம வெட்ட ஏலாது."

அம்மையார் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "வேலை முடிக்கப்படவில்லை, எழுதுங்க" என்றார்.

பத்து வருடம் பார்த்தவன் நான். விதியை எழுதியவனும் நான். எழுதினேன். மைப்பேனாவால், திருத்தமில்லாமல்.

பதவி தம்புள்ளையிலிருந்து வந்த நிஷாந்திக்குப் போனது. அவருடைய சட்டையின் பின்பக்கம் துப்புரவாக இருந்தது. முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டியிருந்தார்.

ஆகஸ்ட் 16 பிற்பகல். மறுநாள் கண்காட்சி. காட்சிக்கென்று கழுவிக் காயவைத்த நிஷாந்தியின் சட்டையில் ஒரு முடிச்சு அவிழ்ந்து, நெஞ்சில் விரல் நுழையும் ஓட்டை.

"அக்கா, இத ஒருக்கா பாருங்களேன். நாளைக்கு மானம் போயிரும்."

ஸைனம்பு அவிழ்ந்த வரிசைவரை பிரித்தார், புதிய நூலை விரல் நீளம் விட்டுச் சேர்த்தார், நான்கு மணிக்குள் பின்னி முடித்தார். முன்பக்கத்தில் ஓட்டை இருந்த இடம் தெரியவில்லை. பின்பக்கம் புதிய நுனிகள் தொங்கின.

"இத வெட்டலையாக்கா?" என்றார் நிஷாந்தி, கத்தரிக்கோலை நீட்டி.

"நீங்கதானே டீச்சர். வெட்டுங்க."

பிறகு என் மேசைக்கு வந்து வெளியேறும் நேரத்தைப் போட்டுக் கையெழுத்திட்டார். "சேர், இதையும் முடிக்கல்ல எண்டு எழுதிக்கோங்க."

மறுநாள் காலை எட்டே முக்கால்வரை பார்த்தேன். பஸ் வந்து போயிருந்தது. அவர் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போட்டேன். அதற்குப் பிறகும், விதிப்படி பெயரை நீக்கும்வரை ஒரு மாதம், வேலை நாள் ஒவ்வொன்றுக்கும் போட்டேன்.