கடற்பாசி சைவமான கதை

கேரளத்தில் பாறசாலைப் பக்கம் குடிவந்த அன்று குடிக்கத் தண்ணீர் கேட்டேன். ரோஜா நிறத்தில், ஆவி பறக்க ஒரு டம்ளர் வந்தது. சாயப்பட்டறையிலிருந்து பிடித்துவந்துவிட்டார்களோ என்று பயந்துபோனேன். பதிமுகம் என்ற மரத்துண்டைப் போட்டுக் காய்ச்சிய தண்ணீராம். இங்கே எல்லார் வீட்டிலும் அதுதான். எங்கள் கடையநல்லூரில் தெருவே துபாய்க்கும் சவூதிக்கும் விமானம் ஏறியபோது, களியக்காவிளையில் பஸ் மாறி வெளிநாடு வந்தவன் நான். ஊருக்குப் போனால் அத்தர் பாட்டில் எங்கே என்று கேட்கிறார்கள். நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்துச் சமாளிக்கிறேன்.

வந்த காரியம் முனைவர் பட்ட ஆராய்ச்சி. கடற்பாசியில் உடம்புக்கு நல்லது செய்யும் நிறமி ஒன்று உண்டு. வெளிச்சம் பட்டாலும் கெடும், வெக்கை பட்டாலும் கெடும், காற்று பட்டாலும் கெடும். புது மாப்பிள்ளையைப் போலத் தாங்க வேண்டும். அதைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்பதுதான் என் ஆய்வு. காஞ்சிரங்குளம் பக்கத்துக் கடலோரப் பாறைகளில் வழுக்கி விழுந்து பாசி அள்ளினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள், மீனை விட்டுவிட்டு இதைப் பொறுக்குகிறானே என்று எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார்கள். நிழலில் உலர்த்திப் பொடித்து, கறுப்புத் தாள் சுற்றிய கண்ணாடிக் குப்பியில் அடைத்த அன்றைக்கென்று கல்லூரி ஃப்ரீசர் உயிரை விட்டது. மெக்கானிக் திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்டுக்கொண்டே இருந்தார். உதியன்குளங்கரையில் நான் தங்கியிருக்கும் வீட்டின் லீலா அக்காதான் தன் ஃப்ரீசரில், அயிலை மீனுக்குப் பக்கத்தில், குப்பிக்கு இடம் கொடுத்தார். இந்தப் பொடி கெட்டால் அடுத்த பருவத்துப் பாசிக்குத்தான் காத்திருக்க வேண்டும். அதற்குள் என் ஆய்வுக் காலமே முடிந்துவிடும்.

கார்த்திகை பிறந்தது. அக்காவின் கணவர் மோகனன் அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டார். ஒரே குளியலில் அண்ணன் சாமியாகிவிட்டார். மீன்சட்டிகள் பரணுக்குப் போயின, ஃப்ரிட்ஜைக் கழுவித் துடைத்தாயிற்று. ஃப்ரீசர் மூலையில் ஐஸோடு ஒட்டிக் கிடந்த குப்பி மட்டும் தப்பிவிட்டது. சில நாள் கழித்து அக்காவின் மூக்கு அதையும் கண்டுபிடித்தது.

"மக்கா, இத இன்னைக்கே மாத்தணும் கேட்டியா. மாலை இட்ட வீட்டுல மீன் வாடை ஆகாது."

"மீன் இல்லக்கா, பாசி."

"கடல்ல உள்ளதுதானே? செடியாக்குமா?"

ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். படித்த படிப்பு விடவில்லை. "இந்தப் பழுப்புப் பாசியை அறிவியல்படி செடின்னு சொல்ல முடியாதுக்கா" என்றேன்.

"செடி இல்லன்னா பின்ன மீனாக்கும்" என்று அக்கா வகைப்பாட்டியலை முடித்துவைத்தார்.

குப்பியைக் கையில் வாங்கினேன். வெளியே கொளுத்தும் வெயில். அப்போதுதான் பார்த்தேன்: மேசையில் சாமி கிண்ணமும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தார். விரதக்காரருக்கென்று அக்கா தினமும் செய்யும் பால் புட்டிங். அதை உறைய வைக்கிற சைனா கிராஸ் பாக்கெட் அடுப்பு மேடையில் கிடந்தது. எங்கள் வீட்டில் நோன்பு திறக்க உம்மா காய்ச்சுவதும் அதுதான்.

"அக்கா, இந்த சைனா கிராஸ் இருக்குல்லா, அதுவும் கடல்பாசியில எடுக்கதுதான்."

"எலே, சும்மா இரிலே. அது புல்லாக்கும்."

செல்போனில் படத்தோடு காட்டினேன். அக்கா படத்தைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார், பிறகு சாமியைப் பார்த்தார். மாலை போட்ட நாளிலிருந்து சாமி சாப்பிட்ட புட்டிங் எல்லாம் அக்காவின் கண்ணில் வந்து நின்றது. பாசி மீன் என்றால் சாமியின் விரதம் அம்போ. சாமி வாயிலிருந்ததை நிதானமாக விழுங்கினார்.

"கடல்ல உப்பும் உண்டு. உப்பு சைவமாக்கும்" என்றார்.

"பின்ன இல்லாமலா! பாசியும் சைவம்தான்" என்று அக்கா என்னிடமிருந்து குப்பியைப் பறித்தார். எந்த மேலாய்வுக் குழுவும் ஓர் உயிரினத்தை இத்தனை வேகத்தில் இனம் மாற்றியிருக்காது. பூஜையறையிலிருந்து சந்தனம் எடுத்துவந்து மூடியில் ஒரு பொட்டு வைத்து, "இனி இது நம்ம வீட்டுச் சாமான்" என்று ஃப்ரீசரில் வைத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். கொஞ்சம் பொறாமையும்தான், இவ்வளவு நாளாக இருக்கிறேன், அந்த வீட்டுக்கு நான் இன்னும் 'தமிழ்நாட்டுப் பயல்'.

கல்லூரி ஃப்ரீசர் உயிர்த்தெழுந்ததும் குப்பியைக் கொண்டுபோனேன். லேப் வாசலிலேயே என் ஆய்வு கைடு தடுத்தார். "இது லேபா, பூஜை ரூமா? மூடியைத் துடை, இல்லையென்றால் மாற்று" என்றார் மலையாளத்தில். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை எடுத்தேன், கை போகவில்லை. வேறு மூடி போட்டுக் கொடுத்துவிட்டு பொட்டு வைத்த மூடியைப் பையில் போட்டுக்கொண்டேன். சோதித்ததில் நிறமி கெடவேயில்லை.

அன்று வீடியோ காலில் உம்மா, "அது என்ன வாப்பா, பொட்டு வச்ச மூடி?" என்று கேட்டார்.

"ஆராய்ச்சிச் சாமான் உம்மா."

மூடி இப்போது அலமாரியில், என் தொழுகை விரிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. சந்தனம் காய்ந்து ஓரத்தில் உதிர்கிறது. அதைக் கெடாமல் வைத்திருக்க என் ஆய்வில் வழி எதுவும் இல்லை.