பனிமலையில் செத்த நேசையா

சாத்தான்குளம் நேசையா பட்டாளத்தில் இருந்தபோதுகூட மீசை வைத்தவரில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வாராவாரம் வரும் படக்கதையிலோ அவருக்குக் காதுவரைக்கும் மீசை. கையில் இயந்திரத் துப்பாக்கி, சுற்றிலும் பனி. "வாடா எதிரியே!" என்று ஒரு மலையைப் பார்த்து முழங்கிக்கொண்டிருந்தார். 'நம்ம ஊர் மாவீரர்' என்று தலைப்பு வேறு.

நேசையா பனியைக் கண்ணால் கண்டதில்லை. அவர் போன சண்டை யாழ்ப்பாணத்தில். எண்பத்தேழில் அமைதிப்படை என்று அனுப்பினார்கள். தமிழ் தெரிந்தவர் என்று சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். அதிகாரி இந்தியில் அதட்டியதைத் தமிழில் அதட்டுவதுதான் வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சோற்றுப் பாத்திரத்தையும் திறந்து காட்டச் சொல்லவேண்டும். சைக்கிளில் வந்த ஒரு பெண், "நீயும் தமிழோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அவர் பூட்ஸில் துப்பிவிட்டுப் போனாள். அந்தப் பேப்பருக்குப் படம் வரைகிற அனஸ் கதை கேட்டு வீடு தேடி வந்தபோது இதைத்தான் சொல்லியிருந்தார்.

அவனுக்குப் போன் போட்டார். "யாரு கதைவே இது?"

"உங்க கதைதான் அண்ணாச்சி. ஆபீசுல இலங்கை வேண்டாம்னுட்டாவ. படிக்கவங்க மனசு புண்படுமாம். அதான் மலைக்கு மாத்திட்டோம்."

"ஏதோ வீட்டுச் சாமான மாத்துன மாதிரில்லா சொல்லுத!"

சர்ச்சில் சால்வை போடக் கூப்பிட்டார்கள். போகவில்லை. டீக்கடையில் 'மாவீரரே' என்றவனுக்கு முன்னால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

கதை கடைசி வாரத்துக்கு வந்தது. அதில் நேசையா கொடியைப் பிடித்தபடி செத்துப்போனார். மறுநாள் டவுணிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தார், அவர் மனைவி தேவமணியைப் போனில் கூப்பிட்டார்கள்.

"ஐயாவுக்கு அஞ்சலிக் கூட்டம் வச்சிருக்கோம். துணைவியார் நீங்க அவசியம் வரணும்."

"அவியளயும் கூட்டிட்டு வரவா சார்? இப்பதான் சாப்பிட்டு எந்திச்சாவ."

நேசையா சட்டையை மாட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார். பேப்பர் ஆபீசில் படக்கதைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற உதவி ஆசிரியர் திருஞானசம்பந்தம் எழுந்து நின்று வணங்கினார். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

"உயிரோட இருக்கிறவருக்கு யார் சார் அழுவாங்க? கடைசியில ஒரு சாவு இருந்தாத்தான் மனசுல நிக்கும். எத்தன பேரு கண்ணீர் விட்டாங்க தெரியுமா?"

"சாவு வேணும்னா எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா? எங்கூட ஹெப்ரான்னு ஒருத்தன் இருந்தான். கிணத்தடியில குளிச்சிட்டு இருக்கையில சுட்டுட்டாவ. தலையில சோப்பு நுரையோட கெடந்தான். அத வரைங்க."

"சோப்பா?" திருஞானசம்பந்தத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "பிள்ளைங்க படிக்கிற பக்கம் சார் அது."

"பிள்ளைகளுக்குப் பொய்யாவே ஊட்டுங்க. நல்லா வளருவாவ."

நாற்காலியைச் சத்தம் வர இழுத்துவிட்டு வெளியேறினார்.

அடுத்த ஞாயிறு, ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கு அடியில், 'நேசையா நலமுடன் உள்ளார்' என்று பொடி எழுத்தில் வந்தது. பனிமலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பேப்பர நிறுத்திரு" என்றார்.

தேவமணி நிறுத்தவில்லை. புளி காயப்போடவும் மீன் நறுக்கவும் விரிக்க ஏதாவது வேண்டுமே. அந்த வேலைக்குத்தான் அது லாயக்கு என்று நேசையாவும் விட்டுவிட்டார்.