ஜட்ஜய்யாவின் நீலக் கடிகாரம்

விலைச் சீட்டை உரக்கப் படிக்காமல் அவர் எதையும் உடைப்பதில்லை. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சீட்டைக் கைக்கெட்டிய தூரத்தில் பிடித்துப் படிப்பார். "அடேங்கப்பா" என்பார். பிறகு ஒரு தீர்ப்பு. பிறகுதான் சுத்தியல்.

"இந்த ஹெட்போன் விலைக்கு ரெண்டு மாச வாடகை குடுக்கலாம் சார். இதை மாட்டிக்கிட்டா வெளியில ஒரு சத்தமும் கேக்காதாம். வீட்டுக்காரன் வாடகை கேட்டு வந்து கத்தினாலும் கேக்காது. அந்த மட்டுக்கும் லாபம்."

டம் என்று ஒரே அடி.

தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சுத்தியலால் தட்டுவதால் கிடங்கில் எல்லோருக்கும் அவர் ஜட்ஜய்யா. குள்ளமான உருவம். இடது கையைவிட வலது கை ஒரு சுற்றுப் பெரிது. சட்டைப் பையில் எப்போதும் பஞ்சு இருக்கும். காலையில் கிள்ளிக் காதில் அடைத்துக்கொள்வார், ஆனாலும் நாம் முணுமுணுப்பது அவருக்கு எப்படியோ கேட்டுவிடும்.

எங்கள் கிடங்குக்கு வருகிறவை பழுதான சாமான்கள் அல்ல. பெரிய கம்பெனிகளில் விற்காமல் தங்கியவை, புது மாடல் வந்ததால் பழசானவை, வாங்கியவர் மனம் மாறித் திருப்பி அனுப்பியவை. பெட்டி பிரிக்காமல்கூட வரும். மலிவாக விற்றால் கம்பெனியின் பெயர் கெட்டுவிடும் என்பதால், காசு கொடுத்து உடைக்கச் சொல்கிறார்கள். அவர் உடைப்பார். நான் பக்கத்தில் நின்று அதைப் படம் பிடித்து, இத்தனை பொருள் முற்றிலும் அழிக்கப்பட்டது என்று சான்றிதழ் எழுதி அனுப்புவேன். இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற ஒரே வேலை என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு நாற்காலி உண்டு, அவருக்கு இல்லை.

அவருக்குக் கருத்து இல்லாத சாமான் கிடையாது. "போன வருஷம் போனுக்கு மூணு கண்ணு, இந்த வருஷம் நாலு. எடுக்கிறது என்னவோ அதே மூஞ்சியத்தான்." தூக்கத்தை அளந்து சொல்லும் கைக்கடிகாரம் வந்தபோது அரை நாள் சிரித்தார். "ராத்திரி எப்படித் தூங்கினேன்னு காலையில வாட்ச்சக் கேக்கணுமாம். தூங்கினது நானா, அதுவா?" தங்க முலாம் பூசிய கடிகாரங்களிடம் அவருக்கு மரியாதை அதிகம்; அவற்றைத் துடைத்துவிட்டுத்தான் உடைப்பார். "லட்சம் குடுத்து வாங்கினவனுக்கும் அஞ்சு மணி அஞ்சு மணிக்குத்தான் வருது. முன்கூட்டியே வந்தா நானும் ஒண்ணு வாங்குவேன்." பணத்தைப் பற்றிக் கேட்டால் குரல் கொஞ்சம் இறங்கும். "விலைங்கிறது சாமானுக்குப் போடுறதில்ல சார். வாங்குறவன் ஏக்கத்துக்குப் போடுறது."

ஒருநாள் மட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. அன்று பள்ளிப் பிள்ளைகளின் காலணிகள் வந்திருந்தன. அவற்றைச் சுத்தியலால் அடிப்பதில்லை, கத்தியால் கிழிக்க வேண்டும். ஒரு ஜோடியைத் திருப்பி அடியில் பார்த்தார். "நம்ம பொண்ணு அளவு" என்றார். அவருடைய மகள் அப்போது பிய்ந்த அடிப்பாகத்தைப் பசை போட்டு ஒட்டி நடந்துகொண்டிருந்தாள். நான் கேமராவைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். கத்தி இறங்குகிற சத்தம் கேட்டது.

என்ன வேலை செய்கிறார் என்பதை வீட்டில் அவர் சொன்னதே இல்லை. பழைய சாமான் பிரிக்கிற வேலை என்று சொல்லி வைத்திருந்தார். "ஏன் மறைக்கணும்?" என்று கேட்டேன்.

"சொன்னா நம்ப மாட்டா. நம்பிட்டா தூங்க மாட்டா."

அவர் மனைவிக்குச் சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. நாள் முழுக்க நீராவியில் நிற்பதால் அந்த அம்மாவின் விரல்கள் எப்போதும் சிவந்து, நுனியில் தோல் உரிந்திருக்கும். குடும்ப விசேஷம் ஒன்றில் அந்த அம்மாவின் தம்பி புதுக் கடிகாரத்தோடு வந்து, எல்லார் முன்னாலும் ஜட்ஜய்யாவின் வெறுங்கையைப் பிடித்து, "என்ன மாமா, மணி பாக்க இன்னும் சூரியனையா பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டான். இவர் சிரித்துவிட்டு வந்துவிட்டார். மனைவியால் அப்படி விட முடியவில்லை. கடைக்குப் போய், தவணைக்கு எழுதிக் கொடுத்து, தம்பி கட்டியிருந்ததைவிட ஒரு படி உசத்தியாக ஒன்றை வாங்கி வந்து கணவர் கையில் கட்டிவிட்டாள். நீல முகப்பு, வெள்ளி முட்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து உட்கார்ந்தார். டப்பாவைத் திறக்கவில்லை.

"நீல முகப்பு சார். நாம போன மாசத்துலேர்ந்து உடைச்சிட்டிருக்கோமே, அதே மாடல்."

"வீட்டுல சொல்லித் திருப்பிக் குடுத்துடுங்களேன்."

"என்னன்னு சொல்றது? நீ விரல் வெந்து வாங்கினதை நான் தினம் மூட்டை மூட்டையா நொறுக்கறேன்னா?"

கிடங்குக்குள் சும்மா கடிகாரம் கட்டி வர முடியாது. கட்டி வந்தால் வாசலில் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவார்கள் என்று அவருக்கு வெட்கம். அதனால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு புறப்படுவார். தெருமுனை டீக்கடைக்காரரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு வருவார். மாலையில் வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஒரு நாள் டீக்கடை திறக்கவில்லை. கடிகாரத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

மாலையில் வாசலில் புதுக் காவலாளி பையைத் துழாவி அதை வெளியே எடுத்தான்.

மேனேஜர் அவரைத் திரும்ப உள்ளே, அவருடைய பட்டறை மேஜைக்கே அழைத்து வந்தார். மேஜையில் அன்று உடைத்த நீலக் கடிகாரங்கள் குவிந்து கிடந்தன. பக்கத்துத் தட்டில் மறுநாளுக்கான முழுக் கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கையில் இருந்ததையும் தட்டில் இருந்ததையும் மேனேஜர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு வித்தியாசமும் இல்லை.

"இது என் சம்சாரம் வாங்கிக் குடுத்தது சார்."

"உங்க சம்பளத்துக்கு இதா?" மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "பில் வரட்டும். இல்லேன்னா போலீஸ்தான்."

அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று நான் சொன்னேன். படத்தில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஒன்றுகூடக் குறையவில்லை என்றும் சொன்னேன். மேனேஜர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஜட்ஜய்யாவிடம் போனை நீட்டினார். அவர் வீட்டு எண்ணைச் சொல்ல மறுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கெஞ்சுவதைக் கேட்டேன். "அவ இங்க வர வேணாம் சார். நாளைக்கு நானே கொண்டாந்து காட்டறேன். ராத்திரி என்னை இங்கயே பூட்டி வைங்க." கடைசியில் ஆபீஸ் பதிவில் இருந்த போன் நம்பரைப் பார்த்து, மேனேஜரே அந்த அம்மாவை அழைத்தார்.

அந்த அம்மா வேலையைப் பாதியில் விட்டு, வீட்டுக்கு ஓடிப் பில்லை எடுத்துக்கொண்டு அப்படியே வந்திருந்தாள். நெற்றியில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. கையில் பில், கடிகாரப் பெட்டி, கடைக்காரன் கொடுத்த காகிதப் பை. எல்லாவற்றையும் மடிப்புக் கலையாமல் வைத்திருந்திருக்கிறாள். "என் வீட்டுக்காரர் அடுத்தவங்க சாமான் மேல ஆசைப்பட்டதில்ல" என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள். மேனேஜர் பில்லைப் பார்த்தார், அதிலிருந்த எண்ணைக் கடிகாரத்தின் பின்பக்க எண்ணோடு ஒப்பிட்டார். "சரியாத்தான் இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்று கடிகாரத்தை நீட்டினார்.

அதை வாங்கக் கை நீட்டியபோதுதான் அவள் மேஜையைப் பார்த்தாள்.

குவியலிலிருந்து ஒன்றை எடுத்தாள். கண்ணாடி உதிர்ந்து, நீல முகப்பு இரண்டாக மடிந்திருந்தது. மேனேஜர் நீட்டியதை வாங்கி, அதோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"அதேதான்."

"யார் உடைச்சா?"

"நான்தான்."

"ரிப்பேரா?"

"இல்ல. நல்லாத்தான் ஓடுச்சு. விக்கலியாம்."

அவள் மேனேஜரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாமல், ஒரு கணக்குப் புரியாத பிள்ளையைப் போலக் கேட்டாள்: "விக்கலேன்னா எனக்குக் கொஞ்சம் கம்மியாக் குடுத்திருக்கலாமே?"

மேனேஜர் தன் போனை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தார். பத்து வருஷமாகச் சான்றிதழ் எழுதுகிற நான் கேமராவை உறையில் போட்டு மூடினேன். ஜட்ஜய்யா தன் மனைவியின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நசுங்கிய கடிகாரத்தை அவள் எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தாள். போகும்போது அவருக்காகக் காத்திருக்கவில்லை.

கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டானாம். தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. கடிகாரம் பெட்டிக்குள், பெட்டி பீரோவுக்குள். "வீட்டுல பேச்சு எப்படி?" என்று ஒருமுறை கேட்டேன். "சாப்பாடு போடறா" என்றார்.

வேலையை விடவில்லை. விட்டால் எங்கே போவது? முன்னைவிட வேகமாகவே உடைக்கிறார். எந்தச் சாமானையும் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மடங்கித் திறக்கும் போன் ஒன்று வந்தபோது, "ஜட்ஜய்யா, இது எப்படி?" என்று நானே வாயைக் கிளறினேன். "வீடியோ ஓடுதா சார்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் காவலாளி நல்லவன்தான். நடந்ததற்கு இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டான். இப்போதெல்லாம் அவர் பையைத் தொடுவதில்லை, "போங்கய்யா" என்று வழிவிடுகிறான். ஜட்ஜய்யா போவதில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கைகளை முழங்கைவரை சுருட்டி, இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து அவன் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார், அவன் குனிந்து பார்க்கிறவரைக்கும்.